டிஸ்க்குக்கு அடியில்

காக்ஸ் டவுன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்று வாரமாக, சர்வர் அறைக் கீபோர்டின் m விசை மட்டும் நோயலின் விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் இடுக்கிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்தது. முன்பு அந்த நாற்காலியில் இருந்த ஓஸ்வால்ட் காபியைக் கொட்டியிருப்பான். சொல்லாமல் கொள்ளாமல் சொந்த ஊரான கேஜிஎஃப்புக்கு ஓடிப்போனவனாம். முதலாளி ஸ்ரீகண்டன் அப்படித்தான் சொன்னார்.

ஞாயிறு மதியம். கட்டடத்தில் வேறு ஈ காக்கை இல்லை. ஏசியின் உறுமலுக்கும் சூடேறிய வயர் வாடைக்கும் நடுவே, கேமராப் பதிவுகள் சேரும் டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சரிபார்த்தான்.

mountpoint /cctv

அங்கே எந்த டிஸ்க்கும் இணையவில்லை என்றது திரை. சரிதான். அப்படியானால் ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். உள்ளே இரண்டு வீடியோக்கள் இருந்தன.

நோயலுக்குப் புரிந்தது. டிஸ்க் இணையாத நாளில் பதிவு அந்த வெறும் ஃபோல்டரிலேயே விழும். பிறகு டிஸ்க்கை இணைத்தால், தரையில் சிந்தியதன் மேல் பாய் விரித்த மாதிரி, எல்லாம் அடியில் மறைந்துவிடும். டிஸ்க்கில் தேடி அழிப்பவன் கைக்கு அது அகப்படாது.

முதல் வீடியோ போன மாதத்தது. இதே அறை. இதே நாற்காலியில் ஓஸ்வால்ட். பின்னால் ஸ்ரீகண்டன், சுவரில் தொங்கிய சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி அவன் தலையில் இறக்கினார். ஒரு முறை. மூன்று முறை. மண்டை பிளந்து முகம் கீபோர்டில் விழுந்தது. அப்புறமும் அவர் நிறுத்தவில்லை.

நோயல் தன் விரலைப் பார்த்தான். சட்டையில் அழுத்தித் துடைத்தான்.

போன் அடித்தது. ஸ்ரீகண்டன்.

"டிஸ்க்க கழட்டிட்டியாப்பா?"

"ஆ... ஆமா சார்."

"ஃபோல்டர் காலியா இருக்குதா?"

"காலிதான் சார். ஒண்ணுமில்ல. நீங்க எங்க சார் இருக்கீங்க?"

"ஓசூர்ல. பார்ட்டி ஒருத்தர பாக்க வந்தேன்."

எதிர்த்தெரு சர்ச்சில் மணி அடித்தது. போனுக்குள்ளும் அடித்தது.

போன் வைக்கப்பட்டது. இரண்டாவது வீடியோவின் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. இன்றைய தேதி. டிஸ்க் இல்லாததால் கேமரா இப்போதும் இங்கேயே எழுதுகிறது. அதைத் திறந்தான்.

தன் முதுகு. சுவரில் சிலிண்டர். கதவு மெல்லத் திறந்தது.

பதிவு பத்து நொடி பிந்தித்தான் ஓடும். அது அவனுக்குத் தெரியும்.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தான்.

ஆணி மட்டும்.

கட்டளை அடித்த கறுப்புத் திரையில் ஒரு m விழுந்தது. பிறகு வரிசையாக. mmmmmmmmmm. விசையிலிருந்து விரலை எடுப்பார் இல்லை. ஓரத்தில் ஓடிய வீடியோவில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஸ்ரீகண்டன் அப்போதுதான் வெறுங்காலோடு உள்ளே வந்தார்.