மேஸ்திரி வீட்டு விரிசல்

பதினோரு நாளாக மழை. துணி காயவில்லை, அடுப்பங்கரையில் ஈரம் போகவில்லை, பள்ளிக்கூடமும் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்காததற்கு மட்டும் சில்வண்டு வருத்தப்படவில்லை.

சில்வண்டு என்பது தெருவே சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர். வயது பத்து. வாய் ஓயவே ஓயாது. மலைச்சரிவில் வரிசையாக ஏழு வீடுகள் இருந்தன. அவளுடையது ஆறாவது. ஏழு வீடுகளையும் கட்டியவர் அவளுடைய அப்பா. ஊரே அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும்.

அப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. சுவரில் ஒரு கீறல் தெரிந்தால் போதும், அவருக்குச் சாப்பாடு இறங்காது. உடனே சிமெண்டைக் குழைத்து, கரணையால் பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்துவிடுவார். பக்கத்து வீட்டுக் கீறலைக்கூட விடமாட்டார்.

"என் கையால கட்டின சுவர்ல கீறலா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்பார்.

போன திங்கட்கிழமை மலைச்சரிவு ஆய்வாளர் வந்தார். கையில் இரண்டு பெயிண்ட் டப்பாக்கள். சுவரில் பெரிய விரிசல் இருந்தால் அந்த வீட்டுக் கதவில் சிவப்புக் கோடு. மண் நகர்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டார் உடனே கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். விரிசல் இல்லை என்றால் பச்சைக் கோடு.

அவர்கள் தெருவுக்கு மேலே இருந்த மேல் வரிசையில் ஐந்து கதவுகள் சிவப்பாகின. மேஸ்திரி கட்டிய ஏழு கதவுகளும் பச்சை.

"சுவரா இது, கண்ணாடியா?" என்று ஆய்வாளர் தடவிப் பார்த்தார். அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அலமாரியை நகர்த்தச் சொன்னாள். பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டதாம். அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு ரயில் இருந்தது. போன விடுமுறையில் சில்வண்டு பென்சிலால் வரைந்தது. ஓர் இஞ்சின், ஒன்பது பெட்டிகள். அம்மா திட்டிய திட்டு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

நாலாவது பெட்டிக்கும் ஐந்தாவது பெட்டிக்கும் நடுவில்தான் இந்த மாதம் கீறல் விழுந்திருந்தது. அப்பா அலமாரியை நகர்த்தி நகர்த்தி மூன்று முறை பூசிவிட்டார். பெட்டிகளை இணைக்கும் கோடு அதில் அழிந்துபோயிருந்தது.

சில்வண்டு பென்சிலை எடுத்தாள். கோட்டை இழுத்துக்கொண்டே போனாள். கோடு நீண்டுகொண்டே போனது.

"கோடு எதுக்கு? இன்னொரு பெட்டியே போடலாம் போல இருக்கே!"

சொல்லிவிட்டுச் சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். தன் ரப்பரை எடுத்து மற்ற பெட்டிகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒரே ரப்பர் அளவு. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் மட்டும் மூன்று ரப்பருக்கு மேல் வந்தது.

ரப்பரை அப்படியே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"அப்பா! இங்க வாங்க. சுவர் வளருது!"

"சுவர் வளருதா? நீ வளந்தா போதும்" என்றபடி அப்பா வந்தார். பார்த்தார். "பூச்சு பெட்டி மேல படிஞ்சிருக்கும், அவ்வளவுதான்."

"இல்லப்பா. பெட்டி ரெண்டும் முழுசா இருக்கு. ஜன்னல், சக்கரம் எல்லாம் எண்ணிட்டேன்."

"நான்தானே பூசினேன்? ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அளவுதான் கீறல் இருந்துச்சு."

"மூணையும் கூட்டிப் பாத்தீங்களாப்பா?"

அப்பா இடுப்பிலிருந்த அளவு டேப்பை எடுத்தார். மற்ற இடைவெளிகள் இரண்டு சென்டிமீட்டர். இது ஏழு. மறுபடியும் வைத்தார். மறுபடியும் ஏழு.

அவர் முகம் வெளுத்துப்போனதைச் சில்வண்டு பார்த்தாள். அப்பா பயந்து அவள் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கும் பயமாகிவிட்டது.

அப்பா உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். வழவழப்பான பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே இருட்டாக ஒரு பிளவு. கையை விட்டார். மணிக்கட்டு வரை போனது. வெளியே எடுத்தபோது விரல்களில் சேறு.

அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க இது?"

"நான் பூசிப் பூசி மறைச்சுட்டேன்" என்றார் அப்பா. "எல்லா வீட்லயும் இப்படித்தான் பண்ணி வெச்சிருக்கேன். ஆய்வாளர் என் பூச்சைத்தான் பாத்துட்டுப் போனார்."

"அவர் மேல் வரிசையிலதான் இருக்காரு. காலையில ஜீப் போச்சு" என்றாள் சில்வண்டு.

அப்பா சுத்தியலை இறுக்கிப் பிடித்தார். "இதைக் காட்டினா இந்த வீட்டை விட்டுட்டுப் போகணும். திரும்பி வருவோமான்னு தெரியாது. புரியுதா?"

சில்வண்டுக்கு அழுகை வந்தது. "புரியுதுப்பா" என்று அழுதுகொண்டே சொன்னாள். "உளிய நான் எடுத்துக்கறேன். வாங்க."

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டே ஜீப்பைத் தேடி மேலே ஓடினாள். அப்பாவும் மகளும் வீடு வீடாகப் போனார்கள். அப்பாவால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அதனால் பேச வேண்டியதையெல்லாம் சில்வண்டுதான் பேசினாள். அவள் பேச்சு தெருவுக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாவது வீட்டில் கால் வலியோடு ஒரு தபால்காரர் தனியாக இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"மாமா, அலமாரியத் தள்ளுங்க. அப்பா சுவர உடைக்கணும்."

"யோவ் மேஸ்திரி, போன வாரம்தானே பூசின? பூசறதும் நீ, உடைக்கிறதும் நீயா?"

"பூசினதுதான் தப்புண்ணே" என்று சொல்லி அப்பா அடித்தார். பூச்சு விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

ஆய்வாளர் வந்து சேர்ந்தபோது ஐந்து வீடுகளில் பூச்சு உதிர்ந்து கிடந்தது. அவர் ஒரு விரிசலைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. சிவப்பு டப்பாவைத் திறக்கவும் நேரமில்லை.

"எல்லாரும் இறங்குங்க! எதையும் எடுக்காதீங்க!"

ஒருத்தி தையல் இயந்திரத்தைத் தூக்கப் பார்த்தாள். இன்னொருத்தர் கோழியைத் துரத்தினார். கோழி அகப்படவில்லை. தபால்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னால படி இறங்க முடியாது, நீங்க போங்க" என்றார். அப்பா அவரிடம் வாதாடவில்லை. குனிந்து முதுகில் ஏற்றிக்கொண்டார். வழுக்குகிற இருநூறு படிகளிலும் சில்வண்டு முன்னால் நடந்து, "இது ஆடுது, அந்தக் கல்ல மிதிங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு மலை சரிந்தது.

பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். முதலில் மரங்கள் நடந்தன. பிறகு நெஞ்சுக்குள் இடிப்பதுபோல ஒரு சத்தம். ஏழு கூரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து சேற்றுக்குள் போயின. சாப்பாட்டு மேஜை, தம்பியின் தொட்டில், அம்மா புதிதாக வாங்கிய திரைச்சீலை எல்லாம் போயின. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தையல்காரி வாய்விட்டு அழுதாள். அப்பா தரையில் உட்கார்ந்து, சிமெண்ட் ஒட்டிய தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கைகளைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"யார் முதல்ல கண்டுபிடிச்சது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"மறைச்சது நான்" என்றார் அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி. "கண்டுபிடிச்சது என் பொண்ணு."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று சில்வண்டு நினைத்தாள். தபால்காரர் நொண்டி நொண்டி வந்து அப்பாவின் தோளில் கையை ஊன்றி, அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"முதுகு வலிக்குதா மேஸ்திரி? நான் கொஞ்சம் கனம்தான்" என்றார்.

ஆய்வாளர் ஈரமான நோட்டைத் திறந்தார். யார் யார் வந்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அந்த வரிசையில் இப்போது வீடுகளே இல்லை. ஆனாலும் வரிசையாகக் கூப்பிட்டார்.

"ஒன்றாம் எண் வீடு?"

"அஞ்சு பேர். இருக்கோம்."

"இரண்டு?"

"ஒருத்தன்தான். இருக்கேன்" என்றார் தபால்காரர்.

"மூன்று?"

"இருக்கோம்."

"நான்கு?"

"இருக்கோம்."

"ஐந்து?"

"ரெண்டு பேரும் இருக்கோம். கோழிதான் இல்ல."

"ஆறு?"

அப்பா வாயைத் திறந்தார். அவர் தோள்கள் குலுங்கின. அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில்வண்டு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி, தொண்டை கிழியச் சொன்னாள்.

"நாலு பேர்! நாலு பேரும் இருக்கோம்!"