பிடுங்கும்போது வரும் சத்தம்

தேவாரம் கடைவீதியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த அந்த வீட்டுக்கு மதிய வெயிலில் போய்ச் சேர்ந்தேன். ஏலக்காய் வியாபாரி மொக்கைச்சாமி வாசலிலேயே நிறுத்தி, கடையில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டார். சின்னமனூரில் இருக்கும் சர்வீஸ் கடையே என்னுடையதுதான், பெயர்கூட வேல்விழி கம்ப்யூட்டர்ஸ்தான் என்றேன். பசி வேறு. அவரைப் பார்த்த உடனேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டர் அவருடைய மகள் தேவயானியுடையது. ஆடி மாதம் தோட்டத்துக் கிணற்றில் கால் தவறி விழுந்து இறந்துவிட்டாளாம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் யூஎஸ்பி போர்ட் ஒன்றுகூட வேலை செய்யவில்லையாம். எப்படியாவது உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் அழித்துக் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டு ஏலக்காய் மூட்டைகளைப் பார்க்கப் போனார்.

அவர் மனைவி பவுனு தண்ணீர் கொண்டுவந்தார். செம்பை நீட்டியபடியே கிசுகிசுத்தார்.

"அழிச்சிராத தாயி. எம்மக பேசுன வீடியோ அதுலதான் இருக்கு. போட்டோவெல்லாம் அவுக எரிச்சுப்புட்டாக. அவ குரலு வேற எங்கயும் இல்ல."

வீடு முழுக்க ஏலக்காய் மணத்தது. தேவயானியின் அறைக்குள் மட்டும் அந்த மணம் வரவில்லை. அங்கே கிணற்றுப் பாசியின் வாடை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லா போர்ட்டிலும் சாம்பல் நிறப் பொடி கெட்டியாக அடைத்திருந்தது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குத் திருநீறும் சந்தனமும் அப்பிவிட்டு, மறுவாரம் கடைக்குத் தூக்கிவரும் ஆட்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். படித்துப் படித்துச் சொன்னாலும் கேட்பதில்லை. மனசுக்குள் திட்டிக்கொண்டே பிரஷ்ஷால் சுரண்டி, புளோயரால் ஊதினேன். திருநீறு தரையெல்லாம் கொட்டியது.

சிஸ்டத்தைப் போட்டேன். எதையாவது சொருகினால் வருமே, அந்தச் சத்தம் கேட்டது.

நான் இன்னும் எதையும் சொருகவில்லை.

உள்ளே ஈரம் இருந்தால் இப்படி ஆவதுண்டு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கீபோர்டையும் மவுஸையும் சொருகினேன், நின்றன. அழிப்பதற்கான பென்டிரைவைச் சொருகினேன். உடனே, பிடுங்கும்போது வரும் சத்தம். டிரைவர் சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் செட்டிங்கை அணைத்தேன். பின்பக்க போர்ட்டில் மாற்றினேன். மறுபடியும் அதே சத்தம். இந்த முறை கண்ணாலேயே பார்த்தேன்.

பென்டிரைவ் மெல்ல, மெல்ல வெளியே வந்தது.

யாரோ இரண்டு விரலால் பிடித்து இழுப்பது மாதிரி.

அந்த நேரம் மொக்கைச்சாமி உள்ளே வந்தார். தரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "அதை ஏம்மா எடுத்த? பேயோட்டுற கோடாங்கி மந்திரிச்சு அடைச்சது."

என்னத்தை அடைத்தார் என்று கேட்டேன். கதவோரம் நின்ற பவுனுதான் பேசினார். குரல் உயரவே இல்லை.

"கோயம்புத்தூர் வேலைக்கு இங்கன உக்காந்துதான் இன்டர்வியூ பேசுனா. பாதிப் பேச்சுல நெட்டு டாங்கிளப் புடுங்கி எறிஞ்சது யாரு? அன்னிக்குச் சாயங்காலம் கெணத்துக்குப் போனவதானே எம்மக."

எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. அந்த மனுஷனை ஓங்கி அறையலாம் போல இருந்தது.

அவரோ என் கையிலிருந்த பென்டிரைவைப் பறித்துத் தானே சொருகினார். வெளியே வந்தது. மறுபடி சொருகிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். உள்ளே இருந்து எதுவோ அந்த விரலைத் தள்ளியது. தோட்டத்தில் மூட்டை தூக்கிய கை, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது.

போர்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பாசி பிடித்த பச்சைநிறத் தண்ணீர்.

அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். நான் பையிலிருந்து காலி பென்டிரைவ் ஒன்றை எடுத்துப் பவுனு கையில் கொடுத்து, நீங்களே சொருகுங்கள் என்றேன். அதுவரை அந்தப் பெட்டியைத் தொட்டே அறியாதவர். தட்டுத்தடுமாறிச் சொருகினார். அதன் சின்ன விளக்கு எரிந்தது, எரிந்தபடியே நின்றது. எல்லா வீடியோவையும் அதில் ஏற்றி அவர் முந்தானையில் முடிந்துவிட்டு, எதையும் அழிக்காமல் கிளம்பினேன். மொக்கைச்சாமி என்னைத் தடுக்கவில்லை.

தை பிறந்த பிறகு பவுனு போன் செய்தார். மகள் பேச்சைத் தினமும் கேட்பதாகச் சொன்னார்.

"அவுக எதைச் சொருகுனாலும் நிக்க மாட்டேங்குது தாயி. டிவி, பேனு, எதுவும். நான் சொருகுனா நிக்குது."

கம்ப்யூட்டரை அணைத்துத்தானே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அது எங்க இருக்கு? நீ போன மறுநாளே ஒயர அறுத்துக் கெணத்துல போட்டுட்டாக."

அவர் சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் பின்னால் அது கேட்டது. பிடுங்கும்போது வரும் அதே சத்தம்.

என்ன சத்தம் என்று கேட்டேன்.

"அவுக போனுக்குச் சார்ஜ் போடுறாக," என்றார் பவுனு.