தெய்வநாயகியின் வினைச்சொல் நோட்டு

1937. இளம்பிள்ளை. அமாவாசை நெசவாளர்களுக்கு விடுமுறை ஆகையால் தறிச் சத்தமே இல்லை. காலை ஏழு மணிக்குத் தெய்வநாயகி மாடத்தில் கையை விட்டுத் துழாவினாள். நோட்டு இல்லை.

ஆங்கில வினைச்சொற்களில் ஆளைக் குழப்பும் ஜோடிகளை ஒரு வருஷமாக அதில் எழுதிவைத்திருந்தாள். இரவல் வாங்கினால் ‘பாரோ’, கொடுத்தால் ‘லெண்ட்’. இங்கே கொண்டுவந்தால் ‘பிரிங்’, அங்கே கொண்டுபோனால் ‘டேக்’. போன வருஷம் இவற்றை மாற்றி மாற்றி எழுதித்தான் ஆசிரியப் பயிற்சித் தேர்வில் கோட்டைவிட்டாள். நாளைக் காலை சேலத்தில் மறுபடியும் தேர்வு. வயது வரம்புப்படி இதுவே கடைசி வாய்ப்பு. உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமில்லை, விசாரணையில் இறங்கிவிட்டாள்.

ஏழேகால். வாசலில் அண்ணி பாவாயி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாராச்சும் ஊட்டுக்குள்ள வந்தாங்களா அண்ணி?”

“விடிஞ்சதுலருந்து இங்கயேதான் இருக்கறேன் அம்மிணி. ஒருத்தரும் வரல.”

ஏழரை. பக்கத்து வீட்டுக் காளியப்பனும் தேர்வுக்குப் படித்தவன்தான்.

“என்ற நோட்டை எடுத்தீங்களாண்ணா?”

“எனக்கெதுக்கு? மில்லுல வேலை கெடச்சிருச்சு. பரீட்சைக்கே நான் போகல.”

எட்டு மணி. அப்பா அங்கமுத்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கம்மங்கூழையும் அங்கேயே வாங்கிக் குடித்தார்.

“நோட்டைப் பாத்தீங்களாப்பா?”

“எனக்கு எழுத்தா தெரியும் சாமி? நான் பாக்கல.”

தெய்வநாயகி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எந்திரிங்கப்பா.”

“எதுக்கு?”

“எடுத்தது நீங்கதானுங்க. தறியில பாவு நூல் அறுந்து கெடந்தாக்கூட அமாவாசையில நீங்க குழியில கால் வெக்க மாட்டீங்க. இன்னிக்குக் கூழுக்குக்கூட எந்திரிக்கல. நூலோட்டற நாடாவையும் தொடல. உக்கார்ற பலகைக்கு அடியில என்னத்தக் காவல் காக்கறீங்க?”

அவர் எழுந்தார். பலகைக்கடியில் நோட்டு இருந்தது.

“நீ பாரோ, லெண்ட்டுனு கத்தற சத்தத்துக்குத்தான் ஒரு வருசமா தறி ஓட்டறேன் சாமி. பாஸாயி அங்கயே தங்கிப் படிக்க நீ போயிட்டா இந்த ஊட்ல நான் என்ன பண்ணுவேன்?”

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நோட்டைத் தட்டி மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

“இன்னம் அம்பது ஜோடி பாக்கி இருக்குதுங்க. பொழுதுக்கும் கத்தறேன், ஆசை தீரக் கேட்டுக்குங்க. ஆனா நாளைக்கு நான் போறது போறதுதானுங்க.”

அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?”

“ஆறுக்குங்க.”

“நாலரைக்கே எழுப்பி உடறேன். நீ படி.”