சின்னண்ணன் பேசிய ஒரு நிமிடம்

கேபிளைக் கழற்றிய பிறகும் பெட்டிக்குள் காற்றாடி நிற்கவில்லை.

கலையரசன் கையிலிருந்த கேபிள் நுனியைப் பார்த்தான். அவனுடைய மெல்லிய லேப்டாப் கல்யாண வீடியோ வேலைகளைத் தாங்காமல் திணறியதால் போன வருடம் வாங்கிய பெட்டி அது. உள்ளே பெரிய கிராபிக்ஸ் கார்டு; லேப்டாப்போடு சேர்க்க ஒரே கேபிள். அதை எடுத்தால் இரண்டு நொடியில் அடங்கிவிடும். இன்று, வெளியே சங்ககிரி ரோட்டில் லாரிகள் ஏற்றத்துக்கு உறுமிக்கொண்டிருந்த மத்தியான வெயிலில், ஜன்னல் சாத்திய ஸ்டுடியோவின் புழுக்கத்துக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கும் நடுவே, அந்தக் காற்றாடி ஏறியது, தயங்கியது, இறங்கியது, மறுபடி ஏறியது, தொண்டை அடைத்த ஒருவர் சிரமப்பட்டு மூச்சு இழுப்பதைப்போல. சுவர் சுவிட்சை அணைத்தான். ஒரு மூச்சு தாமதித்து நின்றது.

திரையில் சின்னண்ணனின் முகம் இருந்தது.

லாரி ஓட்டியவர். தொண்டை ஆபரேஷனின்போது இறந்துபோனார். அவருடைய மகள் சௌமியாவுக்கு இன்று சாயங்காலம் கல்யாண வரவேற்பு. மனைவி உண்ணாமலை ஒரு போட்டோவையும், செல்போனில் கிடந்த பழைய பேச்சையும் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அவற்றிலிருந்து அவர் மகளை வாழ்த்துவதைப்போல ஒரு நிமிட ஏ.ஐ. வீடியோ வேண்டும்.

"கடைசியா புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாருங்க தம்பி. அவளுக்கு அதுதான் தாங்கல" என்றாள் உண்ணாமலை. "நீங்க பண்ணிக் குடுத்தீங்கன்னா கோடிப் புண்ணியம் சாமி."

கலையரசன் அப்போது சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினான்.

சின்னண்ணன் அவனிடம் வந்திருந்தார். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம், மூன்று நாள் தொடர்ந்து. கரகரத்த குரலில், கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு.

"அறுத்துட்டாப் பேச்சு வராதுன்னுட்டாங்க தம்பி. அதுக்குள்ள புள்ளைக்கு ரெண்டு வார்த்தை பேசி வெச்சரோணும். ஊட்ல பேசுனா அழுதுபோடுவாங்க. நீங்க எடுத்துக் குடுங்க."

"பெட்டியில அவசர வேலை ஓடுதுங்கண்ணா. நாளைக்கு வாங்க."

பெட்டி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்தது கார் பந்தய விளையாட்டு. மூன்றாம் நாள் அவர் எட்டி அதைப் பார்த்தார். "செரிங்க" என்றார். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நினைக்கும்போதெல்லாம் காது மடல் எரியும்.

சுவிட்சைப் போட்டு, கேபிளை மறுபடி செருகி, வீடியோவை ஓட்டினான். 'சௌமியா, நல்லா இரு சாமி. அப்பா உங்கூடத்தான் இருக்கேன்.' அவன் தட்டச்சு செய்த வார்த்தைகள், அவருடைய குரலில். ஆனால் உதடுகள் அந்த வார்த்தைகளுக்கு அசையவில்லை. வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தன. அழித்துவிட்டு மறுபடி செய்தான். பெட்டி மூச்சு வாங்கியது. அதே உதடுகள். மூன்றாம் தடவை, ஆறு மணி சுமாருக்கு, எல்லாம் பொருந்தி வந்தது. நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனான்.

மண்டபத்தில் மல்லிகையும் சாம்பாரும் பன்னீரும் கலந்து மணத்தன. விளக்கை அணைத்தார்கள். மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில் சின்னண்ணன் சிரித்தார்.

"சௌமியா, நல்லா இரு சாமி..."

சௌமியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூட்டம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். யாரோ ஒரு பெரியவர் வந்து, கடைசி வரிசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த கலையரசனின் தோளைத் தட்டினார். "பெரிய மனசு தம்பி உங்களுக்கு." அவன் குனிந்துகொண்டான்.

ஒரு நிமிடம் முடிந்தது. லேப்டாப்பில் வீடியோ நின்றுவிட்டது.

திரையில் நிற்கவில்லை.

சின்னண்ணனின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. உதடுகள் அசைந்தன. சத்தமில்லை.

"சத்தம் வெய்யுங்க தம்பி" என்று முன்வரிசையிலிருந்து உண்ணாமலை கூப்பிட்டாள். "என்னமோ சொல்றாருங்க!"

"சத்தம் வெச்சிருக்குதுங்க." அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. திரைக்குப் போன கேபிளைப் பிடுங்கினான். லேப்டாப்பை மூடினான்.

முகம் இருந்தது. பேசியது. அவசரமாக, விட்டுப்போனதையெல்லாம் சொல்லித் தீர்க்கிற மாதிரி.

"அப்பா, கேக்கல!" சௌமியா மேடையிலிருந்து இறங்கினாள். திரையில் காதை வைத்தாள். "கேக்கலப்பா! இன்னொருக்காச் சொல்லுங்க!"

சின்னண்ணனின் கண்கள் மகளைத் தேடவில்லை. கூட்டத்துக்கு மேலே நகர்ந்தன. கடைசி வரிசைக்கு வந்தன. கலையரசனிடம் நின்றன.

அழுகைகள் அடங்கின. ஒவ்வொன்றாக.

உண்ணாமலை திரும்பினாள். தோளைத் தட்டிய பெரியவர் திரும்பினார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. வரிசை வரிசையாக. கடைசியில் சௌமியா, திரையிலிருந்து காதை எடுத்து.

எல்லா முகங்களும் அவனைப் பார்த்தன.

எல்லா வாய்களும் அசைந்தன. ஒன்றாக. சத்தமில்லாமல். திரையில் இருந்த வாயைப்போலவே.

அவன் தன் வாயைப் பொத்தினான்.

உள்ளங்கைக்கு அடியில் அவனுடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொல்கின்றன என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.