அமுதம் சாரின் புல்வெளி

துவைத்து இஸ்திரி போட்ட பனியனில் ஆலை நாறியது. கருகிய வெல்லத்தில் கூழ்முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் எப்படியோ அப்படி. அமுதம் சார் வேறொரு பனியனை எடுத்து முகர்ந்தார். அது சோப்பு வாசனையோடு சமர்த்தாக இருந்தது. தலைவழியே மாட்டினார். மறு நொடி அதிலும் அதே நாற்றம். வேறு யாராக இருந்தாலும் விஷயம் புரிந்திருக்கும். ஆனால் சாராய ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவுத் தலைவருக்குச் சில விஷயங்கள் புரியாமலிருக்கத்தான் சம்பளம்.

அமுதம் சார் என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். சாராயம் வடித்தபின் ஆலை வெளியே தள்ளும் கரும்பழுப்புத் தண்ணீரைக் கழிவு என்று யாராவது சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். அதற்கு ‘மண்ணமுதம்’ என்று பெயர் சூட்டி, பீப்பாயில் அடைத்து, மேலே பச்சை இலைப் படம் ஒட்டியவர் அவர். சுற்றியிருந்த வயல்கள் அதைக் குடித்து முதல் போகத்தில் கரும்பச்சையாகக் கொழுத்தன. நடுவில் அவர் நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. பிறகு மண் இறுகி, மேலே உப்புப் பூத்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நாறி, கிணறுகள் டீ நிறத்துக்கு வந்தன. அந்தப் படம் வரவில்லை.

ஊர் வாயை அடைக்க வீட்டு முன்னாலேயே அமுதம் பாய்ச்சி ஒரு புல்வெளி வளர்த்தார். காலைதோறும் சட்டையில்லாமல் அதில் மல்லாந்து படுத்து மூச்சுப் பயிற்சி செய்வார். சாலையில் போகிறவர்கள் பார்க்க வேண்டுமே என்று சுற்றுச்சுவரை இடித்துக் கம்பிவேலி போட்டிருந்தார்.

“முதுகைக் காட்டுங்க,” என்றாள் மனைவி.

காட்டினார். அவள் தொடவில்லை.

“படர்தாமரை. தட்டு அகலத்துக்கு வந்திருக்கு. அந்தப் புல்லுல புரளாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“வேர்வையில வர்றதுடி இது. புல்லு என்ன பண்ணும்?”

“வேர்வைன்னா வேர்வையா நாறணும். இது சாக்கடையால்ல நாறுது! இனிமே நான் அந்த ரூம்ல படுத்துக்கறேன். உங்க துண்டு தனி, சோப்பு தனி. ஞாயித்துக்கிழமை பொண்ணு குழந்தையோட வர்றா. குழந்தைய நீங்க தொடக்கூடாது, சொல்லிட்டேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தொல்லை. அன்று மாலை முதலாளி வெளியூர் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு புல்வெளியைப் பார்க்க வருகிறார். “விஷம்னு சொல்றாங்களே, என் பேத்தியே அதுல தவழப்போறா, பாருங்க!” என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார் அமுதம் சார். முதலாளியே எழுந்து கைதட்டினார். இனிக் குழந்தை தவழாவிட்டால் அமுதம் பழையபடி கழிவாகிவிடும், அவரும்தான்.

தோல் டாக்டரிடம் போனால் பெஞ்சில் ஆலைத் தொழிலாளர்களோடு உட்கார வேண்டும். அவர்கள் தொடையிலும் அக்குளிலும் அதே வட்டங்கள். ஆகவே மருந்துக் கடைக்குப் போனார்.

“இந்தக் களிம்பு போட்டா செவப்பு சட்டுனு போயிடும் சார்,” என்றார் கடைக்காரர். “ஆனா மேலதான் அடங்கும், உள்ள படரும். டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் அடங்கினாப் போதும்யா.”

“அப்படின்னா இது உங்களுக்குன்னே செஞ்சது சார்.”

சொன்னபடியே சிவப்பு அடங்கியது. நடுவில் தோல் வெளுத்து, பளபளத்து, ஈரக் காகிதம் போலச் சுருங்கியது. விளிம்பு மட்டும் தடித்து, பொடிப்பொடியாகச் செதில் உதிர்த்துக்கொண்டு, இடுப்பை நோக்கி நகர்ந்தது. சொறிந்தால் நகக்கண்ணில் கறுப்பாக ஏதோ ஏறியது. பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார்; ஆலை நாற்றம்.

புல்வெளியிலும் அதே நாளில் ஒரு வட்டம் விழுந்தது. நடுவில் மொட்டை, வெள்ளைப் பொருக்கு; விளிம்பில் மட்டும் புல் அசிங்கமாகக் கொழுத்து நின்றது. பச்சைச் சாயம் கரைத்து அடிக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு ஆலைக்குப் போனார். ‘மண் நம் தாய்’ என்று தொடங்கும் உரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது முதுகில் சில்லென்று ஏதோ தெறித்தது. திரும்பினார். யாருமில்லை. சட்டையைத் தடவினார்; உலர்ந்திருந்தது. அதன் அடியில் ஏதோ வழிந்து இடுப்புக்கு இறங்கியது.

போன் அடித்தது.

“சாயம் அடிச்சாச்சு சார். பொருக்கு மேல ஒட்ட மாட்டேங்குது. முள்வாரியால லேசா ஒரு இழுப்பு இழுத்து விட்டுடறேன்.”

“வேண்டாம்…”

“லேசாத்தான் சார்.”

அமுதம் சார் கழுத்து டையைப் பல்லில் கவ்விக்கொண்டு மேசைமேல் குப்புற விழுந்தார்.

வீடு திரும்பியதும் குளியலறைக் கண்ணாடியில் முதுகைப் பார்த்தார். பச்சையாக ஒன்றும் இல்லை. நீளநீளமான கீறல்கள், அடுத்தடுத்து, ஒரே சீராக. விளிம்பில் பூனைமயிர் போல் ஏதோ சிலிர்த்து நின்றது. தோள்பட்டைக்குக் கீழே ஒரு வெள்ளைப் புடைப்பு. அதற்குச் சின்னக் குடை. சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். புல்வெளியின் மேல் மூலையில், வட்டத்தின் ஓரத்தில், ஒற்றைக் காளான்.

அன்றே மகளிடம் வராதே என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தார். முதலாளியின் கைதட்டல் காதில் கேட்டது. வைத்துவிட்டார்.

ஞாயிறு மாலை புல்வெளியைச் சுற்றி நாற்காலிகள். விருந்தாளிகள் மூக்கருகே கைக்குட்டையை வைத்துக்கொண்டு புன்னகை செய்தார்கள். அமுதம் சார் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார்.

“குழந்தைய அதுல விடாதேடி,” என்றாள் மனைவி.

“ஒரே ஒரு போட்டோதானேம்மா. அப்பா ஆசைப்படறார்,” என்ற மகள், பேத்தியைப் புல்லில் இறக்கிவிட்டாள்.

“மண் நம் தாய்…” என்று தொடங்கினார்.

முதுகில் ஒரு கை பட்டது.

சின்னக் கை. சூடான கை. இன்னொன்று. பிறகு முழங்கால். கோட்டுக்கு உள்ளே, பனியனுக்கு உள்ளே, கீறல்களின் மேல், குழந்தை தவழ்ந்தது. அவருடைய கண்ணெதிரே, இருபதடி தள்ளி, பேத்தி அதே தாளத்தில் தவழ்ந்தாள். கைதட்டினார்கள்.

“…அவளுக்கு நாம் ஊட்டுவது… அமுதம்…”

பேத்தி நின்றாள். மண்ணை விரலால் நோண்டினாள். பிஞ்சு நகம். தோலுக்குள் இறங்கியது. அவர் மைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். காளானைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். போகிறாள்.

“சார், மேல பேசுங்க,” என்றார் பக்கத்திலிருந்த முதலாளி.

“தூக்கு,” என்று மகளைப் பார்த்து வாயசைத்தார். குரல் வரவில்லை. வாயிலிருந்து வந்தது நாற்றம் மட்டும். முன்வரிசை முகம் திருப்பியது.

பிஞ்சுக் கை காளானைப் பற்றியது. இழுத்தது. தோள்பட்டைக்குக் கீழே ஏதோ வேரோடு கிழிந்து வந்தது. கோட்டின் கீழிருந்து அவருடைய பளபளக்கும் பூட்ஸ் மேல் சொட்டியது. டீ நிறம்.

“எவ்வளவு அழகு!” என்றது ஒரு குரல். கேமராக்கள் மின்னின.

பேத்தி அதை வாயில் போட்டுக்கொண்டாள். அமுதம் சாருக்கு முதுகில் பிய்ந்த இடத்தில் ஈறு பட்டது. பல் முளைக்காத ஈறு. வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக, சப்பிச் சப்பி, மென்றது. கடைவாயில் பழுப்பாக வழிய, அவரைப் பார்த்துப் பொக்கைவாய் திறந்து சிரித்துவிட்டு, அடுத்ததைத் தேடித் தவழத் தொடங்கினாள்.