இருபதாவது நிமிடத்தில் மணி

"ஐயோ...! காணோம்... காணோம்!"

ஜிஞ்ஜா நகரின் நைல் கரை தொண்டர் சங்கமே அதிர்ந்தது. தட்டுகளில் இருந்த வேர்க்கடலை தரையெல்லாம் உருண்டது.

அலறியவர் இசாபிர்யே. சங்கத்தின் ஒழுங்குக் காவலர்.

தலைவர் கிருண்டா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாருய்யா? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஆளுங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க தலைவரே... மணி! நம்ம பித்தளை மணியைக் காணோம்!"

கிருண்டா நாற்காலியில் சரிந்தார். 'ஆள் யாராவது காணாமல் போயிருக்கக் கூடாதா?' என்றது அவர் முகம்.

ஆறு மணிக்கு அதை அடித்துத்தான் கூட்டம் தொடங்கியது. பிறகு வழக்கம்போல், சிறப்புப் பேச்சாளர் கையால் மரக்கன்று நட எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். பத்தே நிமிடம்.

திரும்பி வந்தால்... மேஜை காலி!

"ஒரு மணிக்கா இந்தப் பாடு?" என்றார் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர்.

"விதியைப் படிச்சீங்களா?" என்றார் இசாபிர்யே. "விருந்தாளி பேசறப்போ யாரும் குறுக்கே பேசக் கூடாது. இருபதாவது நிமிஷம் மணி அடிச்சாத்தான் நிறுத்தணும். பேச்சு முடிஞ்சாத்தான் தீர்மானம்!"

தீர்மானம்!

கிருண்டாவுக்கு வியர்த்தது. கிணறு தோண்டும் வண்டி பக்கத்து ஊரில் நின்றது. இன்று ஏழு மணிக்குள் சங்கம் தீர்மானம் போட்டுச் சொன்னால், நாளை புவோலேரோ பிரசவ ஆஸ்பத்திரிக்கு வரும். இல்லையென்றால் வேறு மாவட்டம் போய்விடும். மறுபடி அடுத்த வருடம்தான். அதுவரை பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டவும் அங்கே தண்ணீரை அளந்துதான் ஊற்றுவார்கள்.

"விதியை மாத்திடலாமே தலைவரே?"

"டென்யுவா எழுதின விதிய்யா அது..."

கிருண்டாவின் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. அங்கே நமுலோண்டோ. டென்யுவாவின் மனைவி. சங்கத்தைத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் மணியடித்த மனிதர் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கிணறுதான் அவர் கடைசியாகக் கேட்டது.

"அக்கா... தப்பா நினைக்காதீங்க. போன மாசம் அந்த மணியை ஞாபகத்துக்கு வெச்சுக்கக் கேட்டீங்க. நாங்க முடியாதுன்னுட்டோம். உங்க பையைக் கொஞ்சம்..."

நமுலோண்டோ ஒரு கணம் அவரையே பார்த்தாள். பையைக் கவிழ்த்தாள். மூக்குக் கண்ணாடி. கைக்குட்டை. ஒரு துண்டு கேக்.

"கேக்கும் திருட்டு இல்ல தம்பி. வீட்ல சுட்டது."

கிருண்டா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது...

"மன்னிக்கணும்! கையெல்லாம் மண்ணு. உங்களுக்கு முன்னாடியே வந்து கழுவப் போயிட்டேன்!"

சிறப்புப் பேச்சாளர் பலிகோவா! தண்ணீர் லாரி முதலாளி. பெரிய வயிறு. பெரிய தோல் பை. பையை மேஜை மேல் வைத்தார். தலைப்பு: 'தன்னலமில்லாத் தொண்டு'.

6.20.

"என் பேச்சு மூணே பகுதிதான். முதல் பகுதி... என் பிறப்பு!"

6.35. பலிகோவாவுக்கு மூன்று வயது ஆகியிருந்தது.

6.45. பள்ளிக்கூடத்தில் முதல் பல் விழுந்தது.

"இன்னும் கல்யாணமே ஆகலையே..." இசாபிர்யே முனகினார்.

6.50. கிருண்டா வாயைத் திறந்தார். சுவரில் டென்யுவாவின் படம் அவரைப் பார்த்தது. மூடிக்கொண்டார்.

"தொண்டுன்னா என்ன?" பலிகோவா மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

...ணிங்.

ஈ பறப்பது போல ஒரு சத்தம். யாருக்கும் கேட்கவில்லை.

ஒருத்திக்குக் கேட்டது! புதன்கிழமை தவறாமல் புருஷனைத் தன்னிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன சத்தமாயிற்றே அது!

நமுலோண்டோ எழுந்தாள். நடந்தாள். பேசவில்லை. குறுக்கே பேசுவதற்குத்தானே தடை?

தோல் பையை இரண்டு கையாலும் தூக்கினாள். பலங்கொண்ட மட்டும் குலுக்கினாள்.

ணங்! ணங்! ணங்!

பலிகோவாவின் வாய் திறந்தபடி நின்றது.

"மணி அடிச்சாச்சு. உக்காருங்க."

பழக்க தோஷம்... எல்லோரும் கை தட்டினார்கள்! எழுதி வைத்த நன்றியுரையோடு இசாபிர்யே பாய்ந்தார். "இன்று நம் உள்ளங்களைக் கொள்ளையடித்த..." பாதியில் விழித்தார்.

"அதை விடுய்யா! தீர்மானம்! கையைத் தூக்குங்க!"

அத்தனை கைகளும் உயர்ந்தன. 6.54.

"ஏன்யா இப்படிப் பண்ணினே?" கிருண்டா சீறினார்.

"ஆஸ்பத்திரிக்குத் தினமும் என் லாரிதான் தண்ணி ஊத்துது..." பலிகோவா தரையைப் பார்த்தார். "கிணறு வந்துட்டா?"

"கூப்பிடுங்க போலீஸை!"

"முதல்ல வண்டிக்காரனைக் கூப்பிடு" என்றாள் நமுலோண்டோ.

கிருண்டா அழைத்தார். கேட்டார். முகம் மாறியது.

"வர்றாங்களாம். ஆனா துளை போடறதுக்கே அவங்களுக்கு ரெண்டு லாரி தண்ணி வேணுமாம்!"

அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"போலீசா, லாரியா?" என்றாள் நமுலோண்டோ.

"லாரி... லாரி! இலவசமா!"

"அதானே உங்க தலைப்பு!"

கிருண்டா மணியைத் துடைத்து நீட்டினார். "மன்னிச்சுடுங்க அக்கா. இதை நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அவள் அதை ஒரு நிமிடம் மடியில் வைத்திருந்தாள். பிறகு மேஜையில், பழைய இடத்தில் வைத்தாள்.

"வேணாம் தம்பி. பேச அவர் இல்லாத வீட்ல அது யாரை நிறுத்தப் போவுது? இங்கே இருக்கட்டும். புதன்கிழமை நான் வந்து அடிக்கிறேன்."



பலிகோவா தொண்டையைச் செருமினார்.

"இந்த உருக்கமான நேரத்துல... நான் ரெண்டே வார்த்தை..."

ணங்!