ஆறாம் கட்டிலின் ‘ம்’

ஆறாம் கட்டில் காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் அங்கிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வந்தது.

ஊசித் தட்டோடு வார்டுக்குள் வந்த நர்ஸின் கால் அப்படியே நின்றுவிட்டது. பார்வையாளர்கள் கலைந்துபோன பிற்பகல். டெட்டால் நெடி, மின்விசிறியின் முனகல், கோடியில் யாரோ இருமுகிற சத்தம், ஜன்னல் திரை தரையில் விரித்து விரித்துச் சுருட்டிய நிழல். பிரமை என்றுதான், பாவம், அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

முந்தாநாள் அந்தக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். ஊசி போடுமுன் ‘உங்க பேர் என்ன?’ என்றுதான் கேட்க வேண்டும். நோயாளியின் வாயாலேயே பேர் வர வேண்டும், கைப்பட்டையிலும் அதே பேர் இருக்க வேண்டும். அன்று காலைதான் கட்டில்களை மாற்றிப் போட்டிருந்தார்கள். இவளோ தலைக்குமேல் வேலை கிடந்த அவசரத்தில், வேறொருவர் பேரைச் சொல்லி, ‘நீங்கதானே?’ என்று கேட்டாள். ‘ம்’ என்றார் பெரியவர். ஊசி ஏறியது. விளக்கு வைக்குமுன் மூச்சு அடங்கிவிட்டது. ‘இதயம் நின்னுருச்சு’ என்றார் டாக்டர். இவள் வாயே திறக்கவில்லை.

இப்போது அவர் மனைவி அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள், விட்டுப்போன துண்டை எடுத்துப்போக வந்தவள்.

“வா கண்ணு. அவருக்குக் காது சுத்தமா கேக்காது, தெரியுமா? எது கேட்டாலும் ‘ம்’தான். ‘இன்னொருத்தியக் கட்டி வைக்கவா?’ன்னு கேட்டேன். அதுக்கும் ‘ம்’ங்கறார் மனுஷன்!”

சிரிக்கப்போனவள் அழுதுவிட்டாள்.

நர்ஸ் ஊசித் தட்டைக் கீழே வைத்தாள். “அம்மா... அந்த ஊசி அவருக்கு உள்ளதில்ல. நான்தான் ஆள் மாத்திப் போட்டுட்டேன்.”

அந்த அம்மாள் கத்தவில்லை. குனிந்து, கட்டில் விரிப்பை மெல்ல நீவினாள்.

“ஏங்க, இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?”

“ம்.”

“ரொம்ப வலிச்சுதா?”

“ம்.”

“என்னைத் தேடினீங்களா?”

“ம்.”

வெறும் கட்டில். விரிப்பு. தலையணை. நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பினாள். ஓட நினைத்தாள். முடியவில்லை.

“இப்ப எல்லாம் நல்லாக் கேக்குதே உங்களுக்கு,” என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள் அந்த அம்மாள். “சின்னப் பொண்ணுதாங்க. தெரியாமப் பண்ணிட்டா. மன்னிச்சு விட்டுரலாமா?”

சத்தமில்லை.

“ஏங்க?”

இல்லை.

தலையணையில் ஒரு குழி விழுந்தது. அது மெல்ல, மெல்ல, நர்ஸ் நின்ற பக்கமாகப் புரண்டது.